ஆளுக்கு ஒரு பந்து

நேயர்களுக்கு வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இன்று பேசுவோம்.

1982 மே 30. ஃபின்லாந்தில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை இறுதியாட்டம். ஸ்காட்லாந்துப் பையன்கள் செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று மடக்கினார்கள். ஜான் ஃபிலிபன், பேட் நெவின், கேரி மக்கே மூவரும் ஆளுக்கொரு கோல். அடுத்த இரண்டு வாரத்தில் ஸ்பெயினில் உலகக்கோப்பை; பெரியவர்கள் அணி அங்கே போகிறது. நாட்டின் கவனமெல்லாம் அந்தப் பக்கம். அந்தப் பெரியவர்கள் முதல் சுற்றோடு ஊர் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன்களைத் தயார் செய்தவர் ஆண்டி ராக்ஸ்பர்க். துணைக்கு நின்றவர், பிற்பாடு கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணி மேலாளராகப் பெயரெடுத்த வால்டர் ஸ்மித். ராக்ஸ்பர்க் 1943இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். பார்ட்டிக் திசில், ஃபால்கர்க் போன்ற அணிகளுக்கு ஆடிய முன்கள வீரர். ஃபால்கர்க்கில் அவருடைய சக ஆட்டக்காரர் ஒருவர் பெயர் அலெக்ஸ் ஃபெர்குசன்; பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட் மேலாளராகப் புகழ்பெற்றவர். ஆட்டக்காரராக ராக்ஸ்பர்க் பெரிய பெயர் இல்லை. ஆனால் அவர் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். இதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன். 1975இல் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் அவரைப் பயிற்சி இயக்குநராக்கியது.

நெவினைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அப்போது கிளைட் என்ற சின்ன அணியில் பகுதி நேர ஆட்டக்காரர். கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடினார். மெலிந்த உடம்பு. தோள் அகலத்தைப் பார்த்து ஆள் எடுப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். மறு ஆண்டே செல்சி அணி அழைத்துக்கொண்டது.

இப்போது அந்த ஆசிரியர் விஷயம். ராக்ஸ்பர்க் நெடுங்காலம் வாதாடியது ஒன்றுக்காக: சின்னவர்களுக்குச் சின்ன ஆட்டம். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளி மைதானத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு பந்து, ஒரு மணி நேரம். பந்து ஒரு வினாடிகூட வெளியே போகாமல் சமமாகப் பங்கு போட்டாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. நிஜத்தில் வலுவான நாலு பேர் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் பந்தின் பின்னால் ஈ மொய்த்த மாதிரி ஓடுவார்கள். அதே ஒரு மணி நேரத்தில் நாலுக்கு நாலு ஆடவிட்டால்? அறுபதை எட்டால் வகுங்கள். ஏழரை நிமிடம்! மூன்று நிமிடம் எங்கே, ஏழரை எங்கே.

செய்வதும் சுலபம். சுமார் முப்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம் போதும். கோல் கம்பம் வேண்டாம். இரண்டு பைகளை இரண்டு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். கோல்காப்பாளரும் வேண்டாம், வைத்தால் ஒரு பிள்ளை சும்மா நிற்கும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் மூன்றாம் எண் பந்து. பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தைக் கொடுத்தால் கால் நோகும்; பிள்ளை விரல் நுனியால் குத்தப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை எடுப்பது பெரும்பாடு. கோட்டோரம் நாலைந்து உபரிப் பந்துகள் இருக்கட்டும். இல்லையென்றால் வெளியே போன பந்தைத் தேடியே பாதி நேரம் போகும்.

கெட்டுப்போவது எங்கே தெரியுமா? இடத்தைப் பெரிதாக்கினால் பிள்ளைகள் தூர உதைத்துவிட்டுத் துரத்துவார்கள், பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். ரொம்பச் சுருக்கினால் முட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, வரிசை. பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக உதைக்கச் சொல்வது. பார்க்க ஒழுங்காக இருக்கும். பதினொரு பேர் ரேஷன் கடை வரிசையில் நிற்பது போல நிற்பார்கள். ஆட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடமாவது ஆளுக்கு ஒரு பந்து. ஆளுக்கு ஒன்று. பணமில்லை என்றால் பழைய பந்தாக இருக்கட்டும்.

அப்புறம் ஓரத்தில் நின்று கத்துவது. "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கத்தினால் பிள்ளை மைதானத்தைப் பார்க்காது, கத்துகிறவர் முகத்தைப் பார்க்கும். வகுப்பில் விடையை ஆசிரியரே சொல்லிவிட்டால் என்ன ஆகுமோ அதேதான். ஆட்டத்தை நிறுத்தி, "உனக்கு வேறு யார் தெரிந்தார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்ததும் மறுபடி ஆடவிடுங்கள்.

கடிகாரம் ஓடுகிறது. 1986இல், தேசிய அணியைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபெர்குசனுக்குப் பிறகு, அது ராக்ஸ்பர்க் கைக்கு வந்தது. 1990 உலகக்கோப்பையில் கோஸ்டா ரிக்காவிடம் 1-0 தோல்வி.  1992இல் ஸ்காட்லாந்து முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. அந்தக் குழுவில் 1982 அணியின் பழைய பையன்கள் நெவினும் பால் மக்ஸ்டேவும் இருந்தார்கள். 1994 முதல் 2012 வரை ராக்ஸ்பர்க், ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஇஎஃப்ஏ அமைப்பின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தார்.

பந்தைத் தலையால் முட்டுவதைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன், நேரமில்லை. 2020இல் ஸ்காட்லாந்து, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் பயிற்சியில் அதைத் தடை செய்தது. முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு அதற்கு முந்தைய ஆண்டு சொல்லியிருந்தது. சின்ன மைதானத்தில், தரையோடு உருளும் பந்தில், தலைக்குப் பெரும்பாலும் வேலையே வராது. சிவப்பு விளக்கு எரிகிறது, வணக்கம்.