பிரேக்கை நம்பாத இறக்கம்: ஓமானின் வாதி பனீ அவ்ஃப்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரை மணி, வெள்ளிக்கிழமை. நான் நிற்கும் இடத்துக்கு ஷரஃப் அல் அலமைன் என்று பெயர். ஓமானின் ஹஜர் மலைத்தொடரில் ஏறத்தாழ 2000 மீட்டர் உயரம். மஸ்கட்டிலிருந்து நிஸ்வா வந்து, அல் ஹம்ராவில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறினால் இதுவரைக்கும் நல்ல தார் ரோடு. அந்தத் தார் முடிந்து ஜல்லிப் பாதை தொடங்கும் இடத்தில்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறேன்.

கேமராவை வடக்கே திருப்புகிறேன். தெரிகிறதா? இதுதான் இன்றைய வேலை. வாதி பனீ அவ்ஃப். வாதி என்றால் நம் ஊர்க் காட்டாறு மாதிரி. மழை பெய்தால் ஆறு, பெய்யாத நாளில் வெறும் கல். பனீ அவ்ஃப் என்பது இங்கே வாழும் குலத்தின் பெயர். அதோ, மலையின் விலாவில் நூல் மாதிரி வளைந்து வளைந்து இறங்குகிறதே, அதுதான் பாதை. ரஸ்தாக் பக்கச் சமவெளியைத் தொடுவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுவோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே இடத்தில் நின்றபோது எனக்குப் பெரிய தெனாவட்டு. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு இறக்கமா என்று நினைத்தேன். கியரை டி-யில் போட்டு, பிரேக்கில் காலை வைத்து அழுத்தி அழுத்தி இறங்கினேன். பத்து வளைவுகூட ஆகியிருக்காது, ஏதோ கருகுகிற வாசனை. எவனோ குப்பையைக் கொளுத்துகிறான் என்று நினைத்தேன். மக்களே, இந்த மலையில் குப்பை கொளுத்த ஆளே கிடையாது! அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இடது பக்கம் பள்ளம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வலது பக்கப் பாறையில் பம்பரைச் சாய்த்துத்தான் வண்டி நின்றது.

அப்போது மேலே ஏறி வந்த ஒரு பழைய பிக்கப் நின்றது. பின்னால் நான்கைந்து ஆடுகள். ஓட்டியவர் ஓமானிப் பெரியவர், எழுபது வயது இருக்கும். இறங்கி வந்து சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டு இந்தியில் பேசினார். என் இந்தியை விட அவர் இந்தி நன்றாக இருந்தது, அது தனிக் கதை. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து, சூடேறிப்போன பிரேக் டிஸ்கில் ஊற்றப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். பழுக்கக் காய்ந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். தானாக ஆறட்டும் என்று உட்கார வைத்தார். பிளாஸ்கிலிருந்து ஏலக்காய் மணக்கும் கஹ்வா என்கிற அரபுக் காபி, கூடவே பேரீச்சம்பழம். முக்கால் மணி நேரம். கோப்பையை ஆட்டிக் காட்டினால்தான் போதும் என்று அர்த்தமாம். அது தெரியாமல் ஆறு கோப்பை குடித்தேன்.

கிளம்பும்போது என் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, அந்தச் சின்ன லீவரைத் தட்டிக் காட்டி, "இது எதுக்கு வைத்திருக்கிறான்?" என்று கேட்டார். லோ கியர். வண்டி வாங்கியதிலிருந்து மணலில் சிக்கினால் மட்டும் தொடுகிற சாமான் அது எனக்கு.

சரி, இப்போது காட்டுகிறேன். வண்டியை முழுசாக நிறுத்தி, நியூட்ரல் போட்டு, லீவரை ஃபோர் லோவுக்கு, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் லோ கியருக்குத் தள்ளுகிறேன். பிறகு ஒன்றாவது கியர். என் வண்டி பழைய பஜேரோ. உங்கள் வண்டியில் லீவருக்குப் பதில் திருகும் பட்டன் இருக்கலாம், வேலை ஒன்றுதான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் பல மடங்கு சுற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாதபோது அந்த இன்ஜினே சக்கரத்தை ஓடவிடாமல் இழுத்துப் பிடிக்கும். நடக்கிற வேகத்தில் வண்டி தானே இறங்கும். பிரேக் சும்மா தொட்டு விடுவதற்கு மட்டும்.

ஆனால் கிளம்பும் முன் டயர் காற்று. ஊரில் 35 psi-இல் ஓட்டுகிறேன், இங்கே 25-க்கு இறக்குகிறேன். மணலுக்கு 15 வரைக்கும் இறக்குவோமே, இங்கே ஏன் இல்லை? இந்தச் சுண்ணாம்புக் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், உடைந்த ஓரம் கத்தி மாதிரி இருக்கும். காற்று ரொம்பக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் வெளியே பிதுங்கும், அதைக் கல் கிழித்துவிடும். பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, ஸ்டெப்னிதான். காற்று நிறைய இருந்தாலோ ஒவ்வொரு கல்லிலும் வண்டி குதிக்கும், பிடிமானமும் இருக்காது. 25 என்பது என் வண்டிக்கு, என் டயருக்கு ஒத்துவந்த கணக்கு.

போகலாம்.

இன்ஜின் உறுமுவது கேட்கிறதா? பயப்பட வேண்டாம், அது பிடித்துக்கொண்டிருக்கிற சத்தம். என் கால் இரண்டும் தரையில் இருக்கிறது, பாருங்கள். வளைவு வருகிறது... ஹாரன் ஒன்று. எதிரே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புவது கஷ்டம், அதனால் இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் இல்லையா, ரிவர்ஸ்தான். நான் போன தடவை நூறு மீட்டர் ரிவர்ஸ் போனேன், சட்டை நனைந்துவிட்டது.

மேலே ஆங்காங்கே ஜூனிபர் மரம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. அந்தச் சாம்பல் நிற அடுக்கைப் பாருங்கள், புத்தகக் கட்டைச் சாய்த்து வைத்த மாதிரி. இதெல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. கிளிஞ்சல் இருந்த இடத்தில்தான் இப்போது ஆடு மேய்கிறது.

ஹத் கிராமம் தாண்டிவிட்டேன். இப்போது கிளைப்பாதையில் திரும்பி பிலாத் சைத். மலை நடுவே ஒரு குழி, அதில் பேரீச்சை மரங்கள், படிப்படியாக வயல், அதன் மேலே மண் நிற வீடுகள். இங்கே வண்டியை வெளியிலேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே குறுகலான சந்து, ஆட்கள் வசிக்கும் வீடு. ஜன்னலுக்கு நேரே கேமராவை நீட்டக் கூடாது, நானும் நீட்டவில்லை. ஓரமாக ஓடுகிற இந்த வாய்க்கால்தான் ஃபலஜ். மலை ஊற்றிலிருந்து சரிவிலேயே தண்ணீரை இழுத்து வருகிறார்கள், பம்பு கிடையாது. ஃபலஜ் தண்ணீரை நேரக் கணக்கில் பங்கு பிரிப்பது இந்த நாட்டுப் பழைய வழக்கம். பகலில் நிழலைப் பார்த்தும் இரவில் நட்சத்திரத்தைப் பார்த்தும் முறை வைப்பார்கள். நம் ஊரில் முறைத்தண்ணீருக்காக ராத்திரி மண்வெட்டியோடு காத்திருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓமானின் ஐந்து ஃபலஜ்களை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் ஒன்றான அல் முயஸ்ஸர் ரஸ்தாக்கில்தான் இருக்கிறது.

அடுத்தது ஸ்நேக் கேன்யன். அதற்குள் வண்டி போகுமா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. அது ஆள் நீந்தி, குதித்து, கயிறு பிடித்துப் போகிற பிளவு. பாம்பு மாதிரி நெளிவதால் அந்தப் பெயர். நாம் அதன் வாய்ப்பக்கம் ரோட்டில் கடந்து போகிறோம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். அந்த மரக்கிளையைப் பாருங்கள், என் தலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில். காய்ந்த சருகும் பிளாஸ்டிக் பையும் சிக்கியிருக்கிறது. காற்றில் பறந்து வந்ததில்லை. வெள்ளம் மாட்டிவிட்டுப் போனது. இந்த மலையில் மழைத்தண்ணீரை உறிஞ்ச மண்ணே இல்லை, எல்லாம் மொட்டைப் பாறை. நாம் இறங்கி வந்த அந்த உச்சியில் பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் சுவர் மாதிரி வரும். அதனால் இந்த இடத்தில் தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பது எனக்கு முக்கியமில்லை, மலை உச்சியில் மேகம் கட்டுகிறதா என்றுதான் பார்க்கிறேன். வெயில் காலத்துப் பிற்பகலில் அது திடீரென்று கட்டும். ஓடுகிற வாதியில் வண்டியை இறக்கினால் ஓமானில் சிறைத் தண்டனை வரை சட்டம் இருக்கிறது. மேடான இடத்தில் நிறுத்திவிட்டு, வடியும் வரை உட்கார வேண்டியதுதான். ராத்திரி ஆனாலும் சரி. அதற்குத்தான் வண்டியில் எப்போதும் பத்து லிட்டர் தண்ணீரும் ஒரு போர்வையும் வைத்திருக்கிறேன். செல்போன் சிக்னல் பாதி வழியில் இல்லை, வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு வண்டியாக வாருங்கள். தனியாக வந்துகொண்டே இதைச் சொல்கிறேன், தெரிகிறது. கிளம்பிய நேரத்தையும் போகும் பாதையையும் வீட்டம்மாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்தேன்.

இதோ, நான் காத்திருந்த காட்சி. நான்கு பக்கமும் மொட்டை மலை, நடுவில் பச்சைப் பசேலென்று ஒரு கால்பந்து மைதானம்! செயற்கைப் புல்தான். பந்து வெளியே போனால் எங்கே போய்த் தேடுவார்களோ.

மணி பதினொன்று. தார் ரோடு வந்துவிட்டது. கம்ப்ரஸரை பேட்டரியில் மாட்டியாகிவிட்டது. நான்கு டயரையும் 35-க்கு ஏற்ற எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் சக்கரத்தின் பக்கம் மூக்கை வைத்துப் பார்க்கிறேன்... ஒன்றும் இல்லை. புழுதி வாசனை மட்டும்தான்.