உயிர் இரைக்கு எந்த வீச்சு வலை?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தூண்டிலில் கோக்க உயிரோடு சிறு மீன் பிடிப்பதற்கு வீச்சு வலை, அதாவது கையால் வட்டமாக விரித்து வீசும் வலை, வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அடி வலை இருக்கிறது?" என்பதுதான். அடுத்தது விலை. வலைக்கண்ணின் அளவைக் கேட்பவர் குறைவு. மாட்டிய மீனை வலையிலிருந்து எப்படி வெளியே விடுவது என்று கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் வலை கட்டுவதும் பழுது பார்ப்பதும் எனக்குத் தொழில். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கறிக்கு மீன் பிடிக்கும் வலையும் இரைக்கு மீன் பிடிக்கும் வலையும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. கறிக்கு என்றால் மீன் வலையிலேயே செத்தாலும் நட்டமில்லை. கண்ணில் கழுத்து மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது, தப்பாது. இரைக்குப் பிடிப்பவருக்கு அதே காரியம் கெடுதல். தூண்டில் முள்ளில் கோத்த பிறகும் இரையான மடவை மீன்குஞ்சு துள்ளி நீந்த வேண்டும். அது நீந்தினால்தான் அதைத் தின்னும் கொடுவா மீன் திரும்பிப் பார்க்கும். செதிள் உதிர்ந்து, செவுள் கிழிந்து, பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும் மீனைக் கூடை நிறையப் பிடித்து என்ன பயன்? ஆகவே எத்தனை மீன் விழுந்தது என்பதை வைத்து இரை வலையை எடைபோடாதீர்கள். அரை மணி நேரம் கழித்துத் தொட்டியில் எத்தனை மீன் நிமிர்ந்து நீந்துகிறது என்று பாருங்கள்.

முதலில் கண். கடையில் கண்ணின் அளவை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒரு முடிச்சிலிருந்து பக்கத்து முடிச்சு வரை அளப்பது ஒரு முறை. கண்ணை இழுத்துப் பிடித்து எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளப்பது இன்னொரு முறை. இரண்டாவது அளவு முதலாவதைப் போல இரு மடங்கு வரும். ஒருவர் 10 மில்லிமீட்டர் என்பதும் மற்றவர் 20 மில்லிமீட்டர் என்பதும் ஒரே வலையாக இருக்கலாம். எந்த அளவைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அளவுகோலைக் கையோடு கொண்டுபோங்கள். நான் இனிச் சொல்வதெல்லாம் இழுத்து அளந்த அளவு.

உங்கள் இரைக்கு எந்தக் கண் சரி என்று பார்க்க ஒரு நூல் போதும். நீங்கள் வழக்கமாக முள்ளில் கோக்கும் அளவுள்ள மீன் ஒன்றை எடுத்து, செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால் உடலைச் சுற்றி நூலை வைத்து அளந்துகொள்ளுங்கள். விரல் நீளத்துக்குச் சற்று மேலான, 10 சென்டிமீட்டர் மடவை ஒன்றில் அந்தச் சுற்றளவு ஐந்தரை சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வலைக்கண்ணின் சுற்றளவு, இழுத்து அளந்த நீளத்தைப் போல இரு மடங்கு. ஆக, நூலின் பாதி, அதாவது 27 மில்லிமீட்டரை ஒட்டிய கண்தான் அந்த மீனின் கழுத்தைச் சரியாகப் பிடித்து இறுக்கும். மீனின் செவுளை மாட்டிப் பிடிக்கும் செவுள் வலைக்காரருக்கு அது பொன்னான அளவு. உங்களுக்கு அதைவிட மோசமான அளவு கிடையாது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு, ஏறக்குறைய 18 மில்லிமீட்டருக்கு இறங்கி வாருங்கள். மீனின் மூக்கு மட்டும் முட்டும், தலை நுழையாது.

அப்படியானால் இன்னும் பொடிக் கண்ணாக வாங்கினால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். இல்லை. கண் சிறுத்தால் நூல் கூடும். நூல் கூடினால் தண்ணீர் வலையைத் தாங்கிப் பிடிக்கும். வலை மெதுவாக இறங்கும். முழங்கால் ஆழத்தில் அது தெரியாது. ஆள் ஆழத்தில் வீசிப் பாருங்கள்: வலையின் அடிக்கயிற்றில் கோத்த ஈயம் தரையைத் தொடுவதற்குள் கூட்டம் அடியில் புகுந்து போய்விட்டிருக்கும். நெத்திலிக்கும் பொடி இறாலுக்கும் மட்டும் வேறு வழியில்லாமல் பொடிக் கண்ணுக்குப் போகலாம். அதிலும் இறாலின் கொம்பு முரட்டு நூலில் சிக்கினால் எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்; அதற்கு மென்மையான நூல் வேண்டும்.

மீனுக்கு மீன் குணமும் வேறு. மடவை தாங்கும், கையில் பட்டாலும் ஓரளவு பிழைத்துக்கொள்ளும், உப்பு ஏறினாலும் இறங்கினாலும் சமாளிக்கும். ஆனால் வலை நிழல் விழுந்ததும் எகிறிக் குதித்து வெளியே போகும். கிழங்கானோ நேர் எதிர். ஆபத்து என்றால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். லேசான ஈயம் அதன் முதுகின் மேலேயே உருண்டு போய்விடும். சாளையைத் தொட்டாலே செதிள் கையோடு வந்துவிடும். அதை இரையாகப் பிடிப்பவர் பிடித்த இடத்திலேயே தூண்டிலையும் போட்டுவிட வேண்டும். நம் கழியில் இன்னொருவர் இருக்கிறார், கெளுத்தி. கூப்பிடாமலே வருவார். முதுகு முள்ளும் இரு பக்க முள்ளும் ஆளுக்கொரு கண்ணைப் பிடித்துக்கொண்டால் அன்றைய வீச்சு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கெளுத்தி புரளும் இடம் என்று தெரிந்தால் வலையை மடித்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பதே மேல்.

அடுத்து நான் சொல்வது, உயிர் இரைக்காரர் கண் அளவுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது. ஆனால் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. வீச்சு வலையின் அடிப்பாகம் இரண்டு விதமாக அமையும். ஒன்றில், அடிக்கயிற்றை உட்பக்கமாக மடித்துச் சுற்றிலும் சிறு சிறு பைகளாகக் கட்டியிருப்பார்கள். வலையை இழுக்கும்போது மீன் அந்தப் பைகளில் ஒதுங்கும். நம் பக்கத்தில் பெரும்பாலும் இந்த அமைப்புதான். மீன் தப்பாது, கறிக்கு அருமையான வலை. ஆனால் பைக்குள் மீனும் சேறும் சிப்பியும் நண்டும் ஒன்றாக உருளும். பிறகு ஒவ்வொரு பையாகப் பிரித்துக் கைவிட்டு எடுக்க வேண்டும். கை பட்ட இடத்தில் மீனின் வழவழப்பு போகும். அது போனால் மீன் வெகுநேரம் தாங்காது.

இன்னொன்றில் பை கிடையாது. அடிக்கயிற்றிலிருந்து பல கயிறுகள் வலையின் உட்புறமாக மேலே ஓடி, உச்சியில் உள்ள வளையத்தின் வழியே வெளிவந்து கைக்கயிற்றோடு சேரும். கைக்கயிற்றை இழுத்தால் அடி முழுவதும் உள்நோக்கிச் சுருங்கி மூடிக்கொள்ளும். தொட்டிக்கு மேலே கொண்டுவந்து வளையத்தைத் தூக்கிப் பிடித்துக் கயிற்றைத் தளர்த்தினால் அடி திறந்து மீன்கள் கை படாமல் தண்ணீரில் விழும். இதற்காகவே உயிர் இரைக்கு நான் இந்த வலையைத்தான் சொல்வேன். இதற்கும் குறை உண்டு. சதுப்புக்காட்டு வேர்களில் கயிறு மாட்டினால் பை வலையைவிட அதிகம் சிக்கும். கைக்கயிறு சேரும் இடத்தில் சுழலும் வளையம் இல்லாவிட்டால் முறுக்கேறி அடி ஒழுங்காக மூடாது. இருந்தாலும் தெளிந்த மணல் தரை இருக்கும் இடத்தில் இதற்கு ஈடு இல்லை.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி நூல் காலத்தில் வலை மக்காமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து எடுப்பார்கள். நைலான் வந்ததும் அந்த வேலை போனது. இப்போது கடையில் பெரும்பாலும் இருப்பவை முறுக்கிய நைலான் நூல் வலை, ஒற்றை இழை நரம்பு வலை என்ற இரண்டும்தான். நரம்பு வலையைச் சில ஊர்களில் தங்கூஸ் வலை என்பார்கள். நரம்பு தண்ணீரை அதிகம் குடிக்காது, விரைவாக இறங்கும், நீரில் எளிதில் தெரியாது. நூல் வலை மென்மையாக விழும், மீனின் உடம்பை அதிகம் அறுக்காது, ஆனால் நனைந்தால் கனக்கும். ஆழம் குறைவான கழியில் மென்மையான நூல் வலை போதும்; ஆழமும் ஓட்டமும் உள்ள இடத்துக்கு நரம்பு. மலிவாகக் கிடைக்கிறதென்று பாலிஎதிலீன் நூலில் பின்னிய வலையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நைலான் தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கும். பாலிஎதிலீன் லேசானது, மிதக்கும். மிதக்கத் துடிக்கும் வலையை ஈயம் ஒன்றே எவ்வளவு இழுக்கும்?

ஈயத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, வலையின் உயரத்தில், அதாவது உச்சியிலிருந்து அடிக்கயிறு வரையான நீளத்தில், ஓர் அடிக்கு அரைக் கிலோ. 6 அடி வலைக்கு 3 கிலோ. அந்த வலையின் அடிச்சுற்று ஏறக்குறைய 38 அடி வரும். ஆக அடிக்கயிற்றின் ஒவ்வோர் அடிக்கும் 80 கிராம் அளவில் ஈயம் விழும். அலை அடிக்கும் கரையில் சற்றுக் கூட்டலாம், இளஞ்சேற்றில் குறைக்கலாம். இல்லாவிட்டால் வலை சேற்றை வாரிக்கொண்டு வரும். மொத்த எடையைவிட முக்கியம் இடைவெளி. ஈய மணிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று அடிக்கயிற்றை விரலிடையே ஓட்டிப் பாருங்கள். ஒரு சாண் இடைவெளி இருந்தால் கூட்டம் முழுவதும் அந்த வாசல் வழியாகப் போய்விடும். அடிக்கயிற்றைப் பல்லில் கவ்வி வீசும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: ஈயம் நஞ்சு. முழங்கையிலும் தோளிலும் போட்டு வீசப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாகத்தான் உயரம். கணக்கைப் பார்த்தால் பெரிய வலைக்கு ஆசை வருவது நியாயம். 6 அடி வலை முழு வட்டமாக விரிந்தால் 113 சதுர அடி. 10 அடி வலை 314 சதுர அடி. ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அது தாளில் போடும் கணக்கு. 10 அடி வலையை, ஆடும் வள்ளத்தில் நின்றுகொண்டு, எதிர்க்காற்றில், முழு வட்டமாக விரிக்கத் தோளில் வலுவும் பழக்கமும் வேண்டும். அது பாதி சுருண்டு வாழை இலையைப் போல நீளமாக விழுந்தால், ஒழுங்காக விரிந்த சின்ன வலையைவிடக் குறைந்த இடத்தைத்தான் மூடும். சத்தமும் பெரிதாக இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் மீன் நிற்காது. இரைக்கு நமக்குத் தேவையோ கொஞ்சம் மீன்தான். புதிதாகப் பழகுகிறவர் 5 அடியில் தொடங்கி 6 அடியில் நின்றுவிட்டாலும் குறைவில்லை. 8 அடிக்கு மேல் வாங்குகிறவர்களிடம் நான் விற்பேன், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன்.

கைக்கயிற்றை மணிக்கட்டில் இறுகக் கட்டாதீர்கள். உதறினால் கழன்றுவிடும் சுருக்காக இருக்கட்டும். வலை கல்லில் மாட்டி, வள்ளம் ஓட்டத்தில் நகர்ந்தால் கையோடு ஆளையும் இழுத்துவிடும்.

பிடித்த பிறகு மீனைக் கெடுப்பது பெரும்பாலும் தொட்டிதான். சூடு ஏற ஏறத் தண்ணீரில் உயிர்வளி குறையும்: நன்னீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். உப்புநீரில் அதைவிடக் குறைவு. சித்திரை வெயிலில் வாளியை மூடாமல் வைத்துவிட்டு, மீன் செத்ததற்கு வலையைக் குறை சொல்லக் கூடாது. வட்டமான பீப்பாய், பிடித்த இடத்துத் தண்ணீர், பேட்டரியில் ஓடும் காற்றுக் குமிழிக் கருவி, மேலே ஈரச் சாக்கு. இவ்வளவு போதும். சதுரப் பெட்டியில் மீன் மூலையில் முட்டி மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

பொடிக் கண் வலையில் கொடுவாக் குஞ்சும் நண்டுக் குஞ்சும் சேர்ந்தே வரும். அவற்றை அங்கேயே, உயிரோடு இருக்கும்போதே விட்டுவிடுங்கள். பிச்சாவரம் காப்புக்காடு, அதன் வாய்க்கால்களில் வலை வீச எண்ணுகிறவர்கள் முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடையில் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. வலையை உச்சியில் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். உச்சியிலிருந்து கண்களைக் கூட்டிக்கூட்டிப் பின்னிய வலையானாலும், முக்கோணத் துண்டுகளாக வெட்டித் தைத்த வலையானாலும், சுற்றிலும் ஒரே சீராக விழ வேண்டும்; ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் விரியும்போதும் கோணும். பிறகு ஏதாவது நான்கைந்து கண்களை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். முடிச்சு நழுவினால் இன்று 18 மில்லிமீட்டர் என்று வாங்கிய கண் நாளை என்ன அளவென்று சொல்ல முடியாது. புது நரம்பு வலை விறைப்பாக இருக்கும். முதல் நாள் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கையால் நீவி விடுங்கள். ஒவ்வொரு முறையும் உப்புப் போக அலசி நிழலில் உலர்த்துங்கள், வெயில் நைலானைத் தின்றுவிடும். வீட்டில் எலி இருந்தால் வலையைத் தரையில் குவித்து வைக்காமல் உயரக் கட்டித் தொங்கவிடுங்கள். வணக்கம்.