வயர் யார் கையில்?

[காட்சி: புதுச்சேரி, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. பாரதியார் வாழ்ந்த வீட்டின் வாசல்.]

பாரதியார் 1908-இல் புதுச்சேரிக்கு வந்த கதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். சென்னையில் கைது நெருங்கியது, பிரெஞ்சு எல்லைக்குள் வந்துவிட்டார். அந்த அக்டோபரிலேயே 'இந்தியா' வாரப் பத்திரிகையும் இங்கிருந்து வெளிவர ஆரம்பித்தது. பாடப்புத்தகம் அவ்வளவாகப் பேசாதது, அது நின்றுபோன விதம். பிரிட்டிஷ் போலீஸ் இங்கே வந்து அச்சுக்கூடத்தைப் பூட்ட முடியாது, பூட்டவும் இல்லை. தங்கள் எல்லைக்குள் அந்தப் பத்திரிகை வரக்கூடாது என்று தடை போட்டார்கள், தபாலில் போன பிரதிகளை மறித்தார்கள். வாசகர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான். 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றது.

எழுதுகிறவருக்கு இங்கே தடையில்லை. எழுத்து போகிற பாதையைத்தான் அடைத்தார்கள்.

ஊடகம் சிலர் கையில் குவிகிறது என்ற பேச்சு வந்தாலே, சேனல் யாருடையது என்றுதான் முதலில் கேட்போம். தமிழ்நாட்டில் அது ரகசியமே இல்லை. ஜெயா, கலைஞர், கேப்டன் என்று பெயரிலேயே பாதி விலாசம் இருக்கும். சரி, அந்தச் சேனலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் வயர் யாருடையது?

[காட்சி: கேபிள் ஆபரேட்டரின் சின்ன அறை. சுவர் முழுக்கப் பெட்டிகள், மினுக்கும் பச்சை விளக்குகள்.]

1993-இல் சன் டிவி வந்தது. அதே குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் சென்னையில் கேபிள் விநியோகத்தையும் பிடித்தது. நிகழ்ச்சியும் அவர்களுடையது, வயரும் அவர்களுடையது. 2005-இல் தினகரன் நாளிதழும் சேர்ந்தது. சன் டிவியின் அலுவலகமே தி.மு.க. தலைமையகமான அண்ணா அறிவாலயத்தில்தான் இயங்கியது.

2007 மே மாதம், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று தினகரன் ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. மே 9 அன்று மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு, ஊழியர்கள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். கருணாநிதியும், சன் குழுமத்தை நடத்திய அவருடைய உறவினர்களான மாறன் சகோதரர்களும் பிரிந்தார்கள், குடும்பம் இரண்டானது. செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது, அந்த ஆண்டே அரசு கேபிள் டிவி நிறுவனமும் உருவானது. 2008 கடைசியில் குடும்பம் சமாதானமானது, அரசு கேபிளும் தூங்கப் போய்விட்டது. மக்களுக்கான திட்டம் என்றுதான் சொன்னார்கள்!

2011-இல் ஜெயலலிதா அதை எழுப்பினார். மாதம் 70 ரூபாய். கடலூரில் எத்தனையோ வீட்டு பட்ஜெட்டுக்கு அது நிம்மதிதான், மறுக்க முடியாது. ஆனால் தொடக்கத்தில் அந்த 70 ரூபாயில் சன் டிவி வரவில்லை. குடும்பம் ஒன்றின் கையில் இருந்த கட்டுப்பாடு அரசாங்கத்தின் கைக்கு மாறியது, அவ்வளவுதான்.

இதில் சேனலை ஒரேயடியாகத் தடை செய்யவும் தேவையில்லை. உங்கள் செட்டாப் பாக்ஸை ஆன் செய்து பாருங்கள். நீங்கள் எண் அழுத்தும் முன்பே ஏதோ ஒரு சேனல் ஓடும். அதை லேண்டிங் பேஜ் என்பார்கள். அந்த இடத்துக்காகச் சேனல்கள் காசு கொடுக்கின்றன. செய்திச் சேனல்கள் வரிசையாக இருக்கும் எண்களில் ஒன்றை மட்டும் எடுத்துக் கண்காணாத எண்ணில் போட்டால் பாதிப் பேர் தேட மாட்டார்கள். 2018 ஜூனில் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீது வழக்குப் பதிவானது. அதையொட்டி அரசு கேபிள் வரிசையில் அந்தச் சேனல் பின்னுக்குத் தள்ளப்பட்டதாகக் கண்டனம் எழுந்தது. பொய்ச் செய்தி போட்டால் யாராவது மறுப்பார்கள். எண் மாறிய சேனலுக்காக யார் தெருவில் இறங்குவது?

[காட்சி: முள்ளோடை எல்லை. புதுச்சேரி – கடலூர் சாலை.]

அரசு கேபிள் தமிழ்நாட்டு அரசின் நிறுவனம். முள்ளோடையைத் தாண்டி ரெட்டிச்சாவடிப் பக்கம் போனால்தான் அதன் ராஜ்யம். ஆனால் எல்லை தெரியாத வயர் ஒன்று இருக்கிறது, உங்கள் கையில் உள்ள போன். ரிலையன்ஸ் 2014-இல் நெட்வொர்க்18 குழுமத்தை வாங்கியது. நியூஸ்18 தமிழ்நாடு அதில் அடக்கம். 2018-இல் டென், ஹாத்வே என்ற இரண்டு பெரிய கேபிள் நிறுவனங்களைக் கைப்பற்றும் ஒப்பந்தம் போட்டது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழிலோடு இணைப்பு முடிந்து, விஜய் டிவியும் அந்தக் குடைக்குள் வந்தது. இதற்கு மேல் ஜியோ சிம். சென்னையில் சுமங்கலியை வைத்து நாம் பார்த்த அதே அமைப்பு, இப்போது நாடு முழுக்க. அதை வைத்து ஏதோ தவறு செய்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. செய்ய நினைத்தால் தடுக்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் 1996-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அதுவரை ஒரே நிறுவனம் நாடு முழுக்க 40 வானொலி நிலையங்கள்தான் வைத்துக்கொள்ளலாம். பிறகு கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் 1,200-க்கு மேல் சேர்த்தது. வடக்கு டகோட்டாவில் மைனாட் என்ற ஊரில் வணிக வானொலி ஆறுமே அதனுடையவை. 2002 ஜனவரி 18, நடுநிசி தாண்டிய நேரம், ரயில் தடம்புரண்டு அம்மோனியா கசிந்தது. மக்களை எச்சரிக்கப் போலீஸ் வானொலி நிலையத்துக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. அவசர எச்சரிக்கைக் கருவியைப் போலீஸ் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றது நிறுவனம். ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கத்தில் வாழும் கடலூர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டிவி வெறும் பெட்டி. பேட்டரி ரேடியோதான் துணை. ஆனால் நம் நாட்டில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் 'புதுவை வாணி' போன்ற சமுதாய வானொலிக்கும் இதே கதிதான். மாவட்ட நிர்வாகம் தரும் புயல் எச்சரிக்கையைச் சொல்லலாம். நிவாரணம் வராத கிராமத்தைப் பற்றித் தானாக ஒரு செய்தி தயாரித்துப் போட முடியாது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்ட நாடு இது.

[காட்சி: டிராய் அறிக்கைகளின் அட்டைகள், ஒவ்வொன்றாக.]

அரசியல் கட்சிகளும் அரசுகளும் ஒளிபரப்பிலோ விநியோகத்திலோ இறங்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு, ஒளிபரப்புத் துறைகளின் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-இல் பரிந்துரைத்தது. 2012-இல் திரும்பவும் சொன்னது. 2014-இல் ஊடக உடைமை பற்றியே தனி அறிக்கை போட்டது. 2017-இல் மத்திய அரசு தமிழ்நாடு அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கொடுத்தது. 2022-இல் டிராய் மறுபடியும் கருத்துக்கேட்புத் தாள் வெளியிட்டது. அந்தத் தாள்களுக்கு யார் வேண்டுமானாலும் பதில் அனுப்பலாம், சேனல் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. அடுத்தது வந்தால் இணைப்பைக் கீழே போடுகிறோம்.