மாதிரி காசோலைக்குப் பின்னால் நிற்பவர்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இளம் செய்தியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நம் தமிழ் நாளிதழ்களில் மகிழ்ச்சி எப்போது வரும் என்று நாள்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். தைப்பூசமா, பத்துமலையில் பக்திப் பரவசம். ஐந்தாம் படிவ மாணவர்களின் எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்ததா, துள்ளிக் குதிக்கும் நான்கு மாணவிகள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில் இதே பிரிக்பீல்ட்ஸ் களைகட்டும். மழை கொட்டி, கடைக்காரர் முறுக்கு டின்களைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தாலும் செய்தியில் களைகட்டியே தீரும். நிருபர் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே தலைப்பு தயார். உங்களைக் குறை சொல்லவில்லை. ஒரே ஆள் ஒரே நாளில் நாலு நிகழ்ச்சிக்கு ஓடும் பிழைப்பு இது.

உதவி வழங்கும் நிகழ்ச்சிகளில் படத்துக்காகத் தூக்கிப் பிடிக்கும் மாதிரிக் காசோலை இருக்கிறதே, அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கதவகலத்துக்கு ஓர் அட்டை. நடுவில் பிரமுகர், இரு பக்கமும் அவருடைய ஆட்கள். உதவி பெறும் அம்மா ஓர் ஓரத்தில். அட்டை அவரைக் கழுத்துவரை மறைக்கிறது. "சிரிங்கம்மா" என்று படக்காரர் சொல்லியிருப்பார், அவரும் சிரித்திருக்கிறார். கீழே, 'உதவி பெற்றவர்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர்.' பிரமுகர் பேசியது ஏழு பத்தி. அந்த அம்மா எத்தனை மனு எழுதினார், யார் யார் வாசலில் நின்றார், ஒழுகும் கூரைக்கு இந்தப் பணம் போதுமா என்பதற்கு ஒரு வரி கிடையாது. அன்று அவருக்கு இருந்தது சந்தோஷமா, நிம்மதியா, நாலு பேர் பார்க்கக் கை நீட்டிய கூச்சமா? யாரும் கேட்கவில்லை. அவருக்காக நாமே மகிழ்ந்து முடித்துவிட்டோம்.

இதற்குப் பின்னால் காசு இருக்கிறது என்பதையும் பேசத்தான் வேண்டும். தீபாவளி மலரின் முழுப்பக்க வாழ்த்து விளம்பரங்களில் சிரிப்பவரும் காசோலைப் படத்தில் சிரிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-ல் நின்றுபோனது. விளம்பரம் தருபவரின் முகத்தைச் சின்னதாகப் போட எந்த நிர்வாகத்துக்குத் துணிச்சல் வரும்?

விளையாட்டுப் பக்கத்துக்காரர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி 2024-ல் லண்டன் கிளாசிக் பட்டத்தை வென்ற செய்தியில், 2022-ல் கார் விபத்தில் அவர் பலத்த காயமடைந்ததையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். வலியைச் சொன்னதால் அந்த வெற்றி நமக்கும் உறைத்தது. 1980 ஏப்ரலில், இங்கே மெர்டேக்கா அரங்கில், தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெற்றது. நம் ஆறுமுகம் அந்தக் காலத்துக் கோல்காவலர். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்த விவகாரத்தால் அந்த மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தோம், போகவே இல்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். ஹசான் சானி பந்தை எப்படி நகர்த்தினார், ஜேம்ஸ் வோங் எப்படி அடித்தார் என்று பார்த்தவர்கள் கைகளை ஆட்டிக்காட்டுவார்கள். 'ரசிகர்கள் உற்சாகத்தில் மிதந்தனர்' என்ற வரியை யாராவது மனப்பாடமாகச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

என்னைக் கேட்டால், நம் ஏடுகளில் உள்ளதிலேயே கலப்படமில்லாத சந்தோஷம் கட்டணம் கட்டிப் போடும் பிறந்தநாள் வாழ்த்தில்தான் இருக்கிறது. சிரிக்காதீர்கள். காகிதக் கிரீடம் வைத்த குழந்தை, கேக்கை விட்டுவிட்டு வேறெங்கோ பார்க்கும். கீழே செல்லப்பெயர். அப்புறம் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, சுங்கை சிப்புட் பெரியம்மா, கிள்ளான் மாமா, சித்தி குடும்பத்தினர். ஒருவர் பெயர் விட்டுப்போனால் மறுநாள் குடும்பத்தில் சண்டை. யார், எந்த ஊர், எதற்காகச் சந்தோஷம் என்று எல்லாமே அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. நிருபர் பயிற்சி எதுவும் இல்லாத ஒரு பெரியம்மா எழுதிக் கொடுத்தது அது.

வரும் தீபாவளிக்கும் உங்களை பிரமுகர் எல்லாரையும் அழைத்து விருந்து வைக்கும் ஏதாவது ஒரு திறந்த இல்ல உபசரிப்புக்கு அனுப்புவார்கள். போங்கள், பிரமுகரைப் படம் எடுங்கள், வேலை அது. பிறகு பின்பக்கம் போய், விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் ஆளைப் பாருங்கள். இன்றைக்கு வீட்டில் பிள்ளைகளுக்கு யார் எண்ணெய் வைத்துவிட்டது என்று கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். ஆனால் கடைசிப் பத்தியில் வைக்காதீர்கள். இடம் பற்றாவிட்டால் துணையாசிரியரின் கத்தி முதலில் அங்கேதான் விழும். மூன்றாவது பத்தியில் செருகிவிடுங்கள்.