பிரைட்டன் கடற்கரையில் ஒரு நாள்

வணக்கம் நேயர்களே.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டணம் எவ்வளவு, அறை எங்கே கிடைக்கும், பகுதிநேர வேலை அமையுமா, குளிருக்கு என்ன வாங்கிப் போவது. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் போன இடத்தில் ஓய்வு நாளை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. "படிக்கத்தானே போகிறாய், ஊர் சுற்றவா?" என்று வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம். இன்று நான் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

பிரிட்டனில் படிக்கிறீர்களா? ஒரு நாள் காலையில் ரயிலேறி ஒரு கடலோர ஊருக்குப் போய், இரவுக்குள் திரும்பிவிடுங்கள். தேர்வு முடியட்டும், ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் பருவத்திலேயே போங்கள். அந்த நாட்டில் நாம் கட்டணம் கட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியவர்கள் அல்ல, அங்கே நமக்கும் பழைய பாத்தியதை உண்டு என்பதை எனக்குப் புரியவைத்தது வகுப்பறை இல்லை. பிரைட்டன் என்ற கடலோர ஊரில் கழித்த ஒரு நாள்தான்.

அப்போது நான் லண்டனில் நகரத் திட்டமிடலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். நவம்பர் மாதம். அங்கே நவம்பர் பிற்பாதியில் நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அறை, நூலகம், வேலை, மறுபடியும் அறை. வந்த புதிதில் இருந்த பரபரப்பு வடிந்து, பல பிள்ளைகள் மனம் சோர்ந்துபோவது இந்த மாதத்தில்தான். என் வகுப்பில் நைஜீரியாவிலிருந்து வந்த தோழி ஒருவரும், வியட்நாமிலிருந்து வந்த நண்பர் ஒருவரும் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன்.

லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து பிரைட்டன் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். லண்டன்-பிரைட்டன் ரயில்பாதை 1841இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் அது வசதி படைத்தவர்களின் ஊர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடலில் குளித்தால் நோய் தீரும், கடல்நீரைக் குடித்தாலும் தீரும் என்று எழுதினார். மீன்பிடித்துப் பிழைத்த ஊருக்குப் பிரபுக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1783இல் இளவரசர் ஜார்ஜே வந்தார். ரயில் வந்த பிறகுதான் லண்டன் தொழிலாளியும் அவர் பிள்ளைகளும் கடலைப் பார்த்தார்கள். 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்து, ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை பொது விடுமுறை ஆனது. காலையில் போய் மாலையில் திரும்பும் கடல் பயணம், உழைக்கிற மக்கள் மெல்ல மெல்லப் பெற்ற உரிமை. வாரத்துக்கு 20 மணி நேரம் வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கும் மாணவருக்கு அந்த உரிமையில் பங்கில்லையா என்ன?

நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் குயின்ஸ் ரோடு நேராகக் கடலை நோக்கி இறங்குகிறது. தெருவின் முடிவில் நீர் தெரியும். மணற்கரையே பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கரை புதிது. முழுக்கக் கூழாங்கற்கள். பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் புதைந்திருந்த சிக்கிமுக்கிக் கற்களைக் கடல் உருட்டி உருட்டி உருவாக்கிய கரை. அலை பின்வாங்கும்போது லட்சக்கணக்கான கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும். நானும் நண்பர்களும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டு நின்றோம்.

பியர் என்றால் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நடைமேடை. பேலஸ் பியர் 1899இல் திறக்கப்பட்டது. 1,722 அடி நீளம். ராட்டினமும் விளையாட்டுக் கூடங்களும் இருக்கின்றன. மேற்கே, 1866இல் கட்டிய பழைய வெஸ்ட் பியர். 1975இல் மூடினார்கள், 2003இல் தீக்கு இரையானது. இப்போது இரும்பு எலும்புக்கூடு மட்டும் நீரில் நிற்கிறது.

நடக்கும்போது என் நண்பர்களிடம் நான் சொன்னது காந்தியின் கதை. 1888இல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தி, அங்கே முதல் ஆண்டிலேயே பிரைட்டனுக்கு வந்திருக்கிறார். வயது இருபதை ஒட்டி. கூச்சம் மிகுந்த மாணவர். ஓட்டல் மேசையில் உணவுப் பட்டியலை நீட்டினால் எல்லாம் பிரெஞ்சில் இருக்கிறது. எதில் இறைச்சி இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாமல் விழிக்கிறார். அதே மேசையில் இருந்த வயதான விதவைப் பெண்மணி ஒருவர் அதைக் கவனித்து, தானாகப் பேச்சுக்கொடுத்து, அவர் சாப்பிடக்கூடியவற்றை எடுத்துச் சொல்கிறார். அதோடு விடவில்லை. லண்டனில் தன் முகவரியைக் கொடுத்து, ஞாயிறுதோறும் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்கிறார். அந்த நட்பு காந்தி இங்கிலாந்தில் இருந்தவரை மட்டுமல்ல, அதன் பிறகும் நீடித்தது. தனக்குத் திருமணமாகிவிட்டது என்ற செய்தியை மறைத்துவைத்திருந்த அந்த இளைஞர், மனம் உறுத்தி முதலில் உண்மையைக் கடிதமாக எழுதியது இந்த அம்மையாருக்குத்தான். 'சத்திய சோதனை'யில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். லண்டனில் எத்தனையோ வீடுகள் இருந்தும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஒரு வீடு அவருக்குக் கிடைத்தது கடற்கரைக்குப் போன இடத்தில். வெளியூரில் மனிதர்கள் இறுக்கம் தளர்ந்து பேசுவார்கள். விடுமுறைக்கு வந்தவர்களிடம் நேரம் இருக்கும். அந்நிய மண்ணில் தனித்திருக்கும் ஒரு மாணவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

காந்திக்கும் முன்னால் ஒருவர் உண்டு. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது. 1810இல் லண்டனில் இந்திய உணவுக்கூடம் திறந்தவர். பிறகு பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலும் எண்ணெய்ப் பிடிப்புமாகக் குளியலகம் நடத்தி, இரண்டு மன்னர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டவர். 1851இல் இறந்தார். செயின்ட் நிக்கலஸ் தேவாலயத் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவதுதான் அந்த நாளின் கனமான பகுதி.

ஊரின் நடுவே ராயல் பெவிலியன் என்ற அரண்மனை. அந்த இளவரசர் ஜார்ஜுக்காக ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815 தொடங்கி 1822 வாக்கில் முடித்துக் கொடுத்தது. வெளியே இந்தியக் கும்மட்டங்கள், உள்ளே சீன அலங்காரம். விக்டோரியா அரசிக்கு அது பிடிக்கவில்லை. 1850இல் ஊருக்கே விற்றுவிட்டார். சுற்றுலாக் கையேடுகள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம்வரை அது இந்திய வீரர்களுக்கான ராணுவ மருத்துவமனை. முதல் உலகப்போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் காயம்பட்ட பஞ்சாபியரும் கடுவாலியரும் கூர்க்காக்களும் பட்டாணியரும் அந்தக் கும்மட்டங்களின் கீழே கட்டில்களில் கிடந்தார்கள். சாதி, சமயப் பழக்கங்களுக்கு ஏற்ப ஒன்பது சமையலறைகள். ஒவ்வொரு வார்டிலும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய். அரசர் தம் அரண்மனையையே கொடுத்துவிட்டார் என்று வீரர்கள் ஊருக்கு எழுதினார்கள். உண்மையில் அது அப்போது நகராட்சியின் சொத்து. அந்தக் கடிதங்கள் தணிக்கைக்கு உட்பட்டுத்தான் போயின. படங்கள் எடுத்து, அஞ்சலட்டையாக்கி, பேரரசு தன் வீரர்களை எப்படித் தாங்குகிறது பார் என்று உலகுக்குக் காட்டினார்கள். அக்கறையும் இருந்தது, பிரசாரமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மை என்று நான் நினைக்கிறேன்.

பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் நச்சுப்புகைக்கு நடுவே சக வீரர்களைக் காப்பாற்றிய சுபேதார் மீர் தஸ்த், 1915 ஆகஸ்ட் 25 அன்று இதே பெவிலியன் தோட்டத்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கையால், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். தெற்கு வாசலில் 1921இல் திறந்த இந்திய நுழைவாயில் நிற்கிறது. நம் நாட்டு மன்னர்களும் மக்களும் பிரைட்டனுக்கு அளித்த நன்றிக்கொடை அது.

பிழைக்காதவர்கள்? முஸ்லிம் வீரர்களை வோக்கிங் மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வடக்கே, பேச்சம் என்ற பகுதிக்கு மேலே உள்ள புல்வெளிக் குன்றுக்குக் கொண்டுபோய்ச் சிதைமூட்டினார்கள். அந்த இடத்தில் இன்று வெள்ளைச் சலவைக்கல் மண்டபம் ஒன்று, எட்டுத் தூண்களில் நிற்கிறது. சத்ரி என்று பெயர். 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். வரைந்தது பம்பாயிலிருந்து வந்த இ. சி. ஹென்ரிக்ஸ் என்ற இளம் இந்தியக் கட்டடக் கலைஞர்.

பேச்சம்வரை பேருந்து. அதன் பிறகு நடைதான். வண்டி போகும் வழி கிடையாது. சேறு, ஆட்டு மந்தை, வேலிக் கதவுகள், முகத்தில் அறையும் காற்று. மேலே ஏறியதும் இந்தி, பஞ்சாபி, உருது எழுத்துகள் கல்லில். அருகே 2010இல் வைத்த இன்னொரு கல்லில் அந்த 53 பேரின் பெயர்கள். பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். எவர் வீட்டுப் பிள்ளைகளோ. அவர்களும் என் வயதில்தான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். என் நைஜீரியத் தோழி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இரண்டாம் உலகப்போரில் தன் கொள்ளுத்தாத்தாவும் பிரிட்டிஷ் படையில் பர்மாவுக்குப் போனவர் என்றாள். அவர் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாதாம். அவள் அதைச் சொன்ன விதம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்த வீரர்களின் சாம்பலைக் கடலில்தான் கரைத்தார்கள். மாலையில் நாங்கள் மறுபடியும் கரைக்கு வந்தபோது எனக்கு அது வேறு கடலாக இருந்தது. குளிர்காலத்தில் அந்தி வேளையில் ஆயிரக்கணக்கான மைனா இனப் பறவைகள் பியருக்கு மேலே திரண்டு, வளைந்து, பிரிந்து பறக்கும். இரவு பியருக்கு அடியில் அடைய வரும் கூட்டம். நவம்பரில் போனால் குளிரத்தான் செய்யும். ஆனால் கோடையில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

அடுத்த வாரக் கருத்தரங்கில் நகரங்களின் நினைவுச்சின்னங்கள் பற்றிப் பேச்சு வந்தது. அதுவரை குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டிருந்த நான் எழுந்து சத்ரியைப் பற்றிப் பேசினேன். பேராசிரியர் வழி கேட்டு எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வகுப்பில் நான் வாய்மூடி உட்கார்ந்ததில்லை.

கிளம்புகிறவர்களுக்குச் சில செய்திகள். 16 முதல் 25 வயதுவரை ரயில்கார்டு வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். முழுநேர மாணவர்கள் வயது தாண்டியிருந்தாலும் வாங்கலாம். மூன்று பேர் சேர்ந்தால் குழுச் சலுகையும் பல தடங்களில் உண்டு. வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில ரயில்களுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் கடலில் இறங்கவே வேண்டாம். கூழாங்கல் கரை சட்டென்று ஆழமாகும், நீரின் குளிர் மூச்சை அடைத்துவிடும். கோடையில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையே மட்டும் நீந்துங்கள். கரையில் யாருக்காவது ஆபத்து என்றால் 999ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். பொட்டலத்தைத் திறந்தால் கடற்காகம் பாய்ந்து வரும், அதையும் மறக்காதீர்கள்.

லண்டனில் படிக்காதவர்களுக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் எந்த ஊரும் கடலிலிருந்து சுமார் 70 மைலுக்கு மேல் தள்ளியில்லை. எடின்பரோ மாணவர்களுக்கு நார்த் பெரிக், நியூகாசிலுக்கு டைன்மத், லீட்ஸுக்கு ஸ்கார்பரோ, கார்டிஃபுக்கு பாரி.

பிரைட்டனுக்கே போகிறவர்கள் முடிந்தால் ஜூன் மாதத்தில் போங்கள். ஆண்டுதோறும் ஒரு ஞாயிறு சத்ரியில் அஞ்சலி நடக்கிறது. 1951 முதல் முன்னாள் படைவீரர் அமைப்பு நடத்திவந்தது. அவர்கள் நிறுத்தியபோது, உள்ளூர் மக்களே 2000 முதல் அதை எடுத்து நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். மேலே கடையோ நிழலோ கிடையாது. தண்ணீரும் நல்ல காலணியும் கொண்டுபோங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.