டப்பாவின் பின்பக்கம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வண்டிக்கு ஆயில் மாற்றப் போனால் கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைப்பார். ஒன்று விளம்பரத்தில் அடிக்கடி வருவது. இன்னொன்று அவ்வளவாகக் கேள்விப்படாத பெயர், விலையும் குறைவு. "எதை ஊத்தட்டும் சார்?" என்பார். சிலர் பயந்துகொண்டு விலை கூடியதைக் காட்டுவார்கள். சிலர் "எல்லாம் எண்ணெய்தானே" என்று குறைந்ததைக் காட்டுவார்கள். நான் வடசென்னையில் ஓர் எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். இந்த இரண்டு பேரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மணலிப் பக்கம் போகிறவர்கள் சென்னைப் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையைப் பார்த்திருப்பீர்கள். 1969-லிருந்து ஓடுகிறது. பெட்ரோலும் டீசலும் பிரித்த பிறகு கச்சா எண்ணெயில் நிற்கும் கனமான பகுதியிலிருந்து அங்கே 'பேஸ் ஆயில்' எடுக்கிறார்கள். இன்ஜின் ஆயிலில் 80, 90 சதவீதம் இதுதான். ஆனால் இதை மட்டும் ஊற்றி வண்டி ஓட்டினால் சீக்கிரமே இன்ஜின் கெட்டுவிடும். மீதிச் சதவீதத்தில்தான் சூட்சுமம். கரியைக் கழுவ ஒரு மருந்து, கழுவிய கரி அடியில் படியாமல் மிதக்க ஒரு மருந்து, கேம் ஷாஃப்ட் தேயாமல் மெல்லிய படலம் போட ஒரு மருந்து, எண்ணெய் நுரைக்காமல் இருக்க ஒன்று. மூன்றாவதாகச் சொன்னேனே, அது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். பல பத்தாண்டுகளாக இன்ஜின்களைக் காப்பாற்றி வருகிறது. மாற்றும்போது எண்ணெய் கன்னங்கரேலென்று வருவதைப் பார்த்து "மட்டமான ஆயில்" என்று திட்டுகிறோம். கருப்பாக வந்தால் கழுவும் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இந்த மருந்துகளை எண்ணெய்க் கம்பெனிகளில் பெரும்பாலானவை தாங்களே தயாரிப்பதில்லை. உலகம் முழுவதும் லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட் என்று நான்கு பெரிய கம்பெனிகள்தான் பெரும்பங்கைச் செய்து தருகின்றன. அதே மணலியில் இந்தியன் அடிட்டிவ்ஸ் என்று ஓர் ஆலை இருக்கிறது. அது நம் சுத்திகரிப்பு ஆலையும் செவ்ரானும் சேர்ந்து தொடங்கியது. ஆக, ஆளுக்கொரு நிறத்தில் டப்பா போட்டு விற்கிற இரண்டு கம்பெனிகளின் எண்ணெயில் ஒரே இடத்து மருந்து இருக்கலாம். வண்டிக் கம்பெனிகள் தங்கள் பெயரில் 'ஜெனுயின் ஆயில்' என்று விற்பதும் வழக்கமாக எண்ணெய்க் கம்பெனிகள் கலந்து கொடுப்பதுதான். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. நல்ல எண்ணெய்தான். பெயருக்காகப் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம். அங்கே மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்.

10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்பது எண்ணெயின் கெட்டித்தன்மை. முன்னால் இருக்கும் எண் குளிர்காலத்துக்கானது. 10டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரியில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நமக்கு ஊட்டியில்கூட அந்தக் கவலை இல்லை. பின்னால் இருக்கும் எண்தான் ஓடுகிற இன்ஜினுக்கு. 100 டிகிரி சூட்டில் 30 நம்பர் எண்ணெயின் பாகுத்தன்மை (சென்டிஸ்டோக் என்ற அலகில்) 9.3-க்குக் குறையக் கூடாது, 12.5-ஐ எட்டவும் கூடாது. அதற்கு மேல் போனால் அது 40 நம்பர். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிக்கும்" என்று 30 கேட்கிற வண்டிக்கு 40 ஊற்றுவது இங்கே பழக்கமாகிவிட்டது. வண்டியை வடிவமைத்தவர்களுக்கு நம் ஊர் வெயில் தெரியும். கையேட்டில் உள்ள எண்ணையே வாங்குங்கள்.

அடுத்தது ஏபிஐ தரம், அதாவது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த தரம். எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று போகும். இரண்டாவது எழுத்து தள்ளிப் போகப் போகப் புதிய தரம். எஸ்என் 2010-லும் எஸ்பி 2020-லும் வந்தன.

மூன்றாவது பைக்குக்கு மட்டும். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கும். ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு. பைக்கில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. கார் எண்ணெயில் மைலேஜுக்காக வழுக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். என் மச்சான் ஒரு முறை காருக்கு வாங்கி மிஞ்சிய, விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலைப் பைக்குக்கு ஊற்றினார். இரண்டே வாரத்தில் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது! அந்த எண்ணெயின் விலை அவர் வழக்கமாக ஊற்றுவதைவிட இரண்டு மடங்கு. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு வேறு தரம், எம்பி. அதில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருப்பதில்லை.

கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் எண்ணெய் விற்பது அமெரிக்காவில் அதிகம். வால்மார்ட்டின் சூப்பர்டெக், காஸ்ட்கோவின் கிர்க்லாண்ட் இரண்டும் ஏபிஐ உரிமம் பெற்றவை. விலை குறைவு, லட்சக்கணக்கான கார்கள் நிம்மதியாக ஓடுகின்றன. அதே நாட்டில் டாலர் ஜெனரல் என்ற மலிவு விலைக் கடைத்தொடர் தன் பெயரில் விற்ற சில எண்ணெய்கள் மேல் பல மாநிலங்களில் வழக்குப் போட்டார்கள். அவை பழங்காலத் தரம். ஒன்று 1930-க்குப் பிறகு வந்த இன்ஜினுக்கு ஆகாது, இன்னொன்று 1988-க்குப் பிறகு வந்ததற்கு ஆகாது. அந்த எச்சரிக்கை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது என்பது வழக்குப் போட்டவர்களின் புகார். கடைசியில் கம்பெனி பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வால்மார்ட், காஸ்ட்கோ விற்பதும் மலிவு எண்ணெய்தான், டாலர் ஜெனரல் விற்றதும் மலிவு எண்ணெய்தான், எல்லாமே கடையின் சொந்தப் பெயர்தான். எது ஆகும், எது ஆகாது என்று டப்பாவைத் திருப்பினால்தான் தெரியும்.

பிஎஸ்6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சாம்பல் குறைவாக விடும் எண்ணெயைத்தான் கையேடு கேட்கும். வேறு எதையாவது ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், செலவு தாங்காது. அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

நம் ஊரில் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. எங்கள் தெருவில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். தினமும் 120 கிலோமீட்டர் ஓட்டுவார். தவறாமல் பெயர் பெற்ற கம்பெனி ஆயில்தான், சாலையோரக் கடையில் மாற்றுவார். எட்டே மாதத்தில் சைலன்சரில் வெள்ளைப் புகை, இன்ஜினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடையும் 'போர்' வேலை. இரண்டு மாத வருமானம் போனது. டப்பாவில் மிச்சம் இருந்த எண்ணெயை என்னிடம் கொண்டு வந்தார். பழைய நண்பரிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். 30 நம்பர் என்று போட்ட எண்ணெயின் பாகுத்தன்மை 100 டிகிரியில் 7-ஐக்கூடத் தாண்டவில்லை. மருந்து என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பழைய எண்ணெயை வடிகட்டிச் சாயம் போட்டு, காலி டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். அந்தப் பையன் செய்த தவறு என்ன சொல்லுங்கள்? நல்ல பெயரை நம்பினார், அவ்வளவுதான். எந்தப் பெயருக்கு மதிப்போ அந்தப் பெயரில்தானே போலி வரும். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் பெட்ரோல் பங்கிலோ கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட கடையிலோ வாங்குங்கள். பங்கில் கிடைக்கும் சர்வோ, மேக், எச்பி எண்ணெய்களில் உங்கள் கையேடு கேட்கிற எண்ணும் எழுத்தும் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. மூடியின் சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் ஒரு ஸ்க்ரூடிரைவரை வாங்கி, காலி டப்பாவில் நீங்களே இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்து மெக்கானிக்கிடம் முதல் தடவை இதைச் செய்தபோது அவர் முகம் வாடியது. காரணத்தைச் சொன்னேன். இப்போது நான் கேட்பதற்கு முன்பே அவரே குத்திவிடுகிறார்.

நன்றி, வணக்கம்.