பஸ் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஏற முடியாது! வளாகச் செயலியைச் சோதித்துப் பார்த்தோம்

(திரையில்: கைப்பேசியில் ஒரு வரைபடம், அதில் நகரும் நீலப் புள்ளி)

இந்த நீலப் புள்ளிதான் வளாகத்துக்குள் ஓடும் பஸ். மாணவி நிற்கும் நிறுத்தத்துக்கும் அதற்கும் இடையே ஒரே ஒரு கட்டடம். வந்துவிட்டது என்று நினைத்து அவர் பையைத் தோளில் மாட்டுகிறார். இப்போது புள்ளியைக் கவனியுங்கள்: விலகிப் போகிறது! பஸ் இவருடைய நிறுத்தத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டது. இனி வளாகம் முழுவதையும் சுற்றி முடித்த பிறகுதான் இங்கே வரும். பஸ் எங்கே இருக்கிறது என்று சொன்ன செயலி, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லவில்லை. புள்ளிக்குப் பதில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தால் போதும்.

வணக்கம் நண்பர்களே! காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் 1929 முதல் இருந்துவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று நம் பக்கத்துப் பெரிய வளாகங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர். நாங்கள் சோதித்தது இந்த இரண்டும் அல்லாத, புதுச்சேரிக்கு அருகே உள்ள ஒரு வளாகத்தின் செயலி. பெயர் வேண்டாம். இந்தக் குறைகள் எங்கும் இருக்கக்கூடியவை.

சோதனை என்றதும் ஆயிரம் பேரிடம் படிவம் கொடுப்பது நினைவுக்கு வரும். அது தேவையே இல்லை. மென்பொருள் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராய்ந்த யாக்கோப் நீல்சன், தாமஸ் லேண்டவர் இருவரும் 1993இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அதை வைத்து நீல்சன் பிறகு சொன்னது: ஒருவரை உட்காரவைத்துப் பார்த்தாலே சிக்கல்களில் சுமார் 31 சதவீதம் வெளிப்பட்டுவிடும், ஐந்து பேரைப் பார்த்தால் 85 சதவீதம். ஆனால் அந்த ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே வகைப் பயனர்களாக இருக்க வேண்டும். விடுதி மாணவர் வேறு, சேர்க்கைக்கு வரும் பெற்றோர் வேறு. ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஆள் பிடிக்க வேண்டும்.

கொடுக்கும் வேலையைச் சொல்லும் விதத்திலும் கவனம் தேவை. "நூலகம் என்ற பொத்தானைத் தேடுங்கள்" என்றால் விடையை நாமே கொடுத்துவிட்டோம். "இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், போய்ச் சேருங்கள்" என்று சொல்லுங்கள். மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வேலைதான் மிகக் கடினம். ஒருவர் தவறான இடத்தை அழுத்தப்போகும்போது நம் விரல் தானாக நீளும். தடுக்காதீர்கள், அந்தத் தவறைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

(திரையில்: வளாக வாசல், கையில் கைப்பேசியுடன் ஒரு பெரியவர்)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெல்லிக்குப்பத்திலிருந்து மகளைச் சேர்க்க வந்த ஓர் அப்பா. சேர்க்கை அலுவலகத்துக்குப் போக வேண்டும். வாசலுக்குள் நுழைந்து மேற்கு பார்த்து நிற்கிறார். கடல் முதுகுக்குப் பின்னால். செயலியில் எப்போதும் வடக்குதான் மேலே. அலுவலகமும் வரைபடத்தில் நேர் மேலே இருக்கிறது. அதனால் அவர் நேராக நடக்கத் தொடங்கினார். அலுவலகமோ அவருடைய வலக்கைப் பக்கம்!

கொஞ்ச தூரம் போய் நின்றார். "என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள் ஐயா" என்றேன்.

"கடல் எனக்குப் பின்னால் இருக்கிறது தம்பி. இதில் பக்கவாட்டில் இருக்கிறது. எதை நம்புவது?"

அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள். கடல் தன் பின்னால் வரும்படி கைப்பேசியை வலப்புறமாகத் திருப்பினார். அருமையான யோசனை! ஆனால் திரை தானாகச் சுழன்று, வடக்கை மறுபடியும் மேலே கொண்டுவந்து நிறுத்தியது. மறுபடி திருப்பினார், மறுபடி சுழன்றது. அவர் செய்தது முற்றிலும் சரி. செயலிதான் அவருக்கு எதிராக வேலை செய்தது.

மார்வின் லெவின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று பலகை வைக்கிறோமே, அதில் மேலே இருப்பது பார்ப்பவரின் முன்னால் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மேல் என்றால் முன் என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. அப்படி அமையாத பலகை ஆளை எதிர்த்திசைக்குக்கூட அனுப்பிவிடும்.

நம் கரையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. புதுச்சேரியிலும் கடலூரிலும் கிழக்கு எது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. மனத்தில் இவ்வளவு உறுதியான திசை உள்ளவர்களுக்கு வரைபடம் தருகிறோம், அதன் ஓரத்தில் கடலை வெறும் நீலப் பட்டையாக விட்டுவிடுகிறோம்! என் கருத்து இதுதான்: பட்டையின் மேல் "கடல்" என்று பெரிதாக எழுதுங்கள். நிற்கும் திசைக்கு ஏற்ப வரைபடம் திரும்பும் வசதியை முதல் திரையிலேயே வையுங்கள்.

இன்னொன்றும் நடந்தது. வேலையை முடிக்க முடியாமல் போன அதே அப்பாவிடம் செயலி எப்படி என்று கேட்டேன். "நன்றாகத்தான் இருக்கிறது தம்பி" என்றார். நம் மக்கள் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். பயன்படுத்த எளிதா என்று பயனரிடமே கேட்டு மதிப்பெண் போட ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் உலகமெங்கும் புழங்குகிறது, பயனுள்ளதும்கூட. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் அந்த அப்பா வழி தவறியது எந்த ஏட்டிலும் ஏறாது.

தேடல் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக: மாணவர்கள் "டீக்கடை ஸ்டாப்" என்று தேடினார்கள், செயலிக்கோ புலத் தலைவர் அலுவலகம் என்ற பெயர் மட்டுமே தெரியும். இரண்டு பெயரையும் சேருங்கள், முடிந்தது.

பஸ் புள்ளி அசையாமல் நின்றால்? பஸ் நின்றுவிட்டதா, சிக்னல் போய்விட்டதா? "40 விநாடிக்கு முந்தைய நிலை" என்று ஒரு வரி எழுதினால் குழப்பம் தீரும். பஸ் தகவலுக்காக உலகம் முழுவதும் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் வடிவத்தில் இந்த நேரத்துக்கும், போகும் திசைக்கும் தனித்தனி இடமே உண்டு. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில், பஸ் எப்போது வரும் என்று சொல்லும் ஒன்பஸ்அவே செயலியை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், நேரடித் தகவல் இல்லாமல் நின்றவர்களுக்குக் காத்திருப்பு உண்மையைவிட நீளமாகத் தோன்றியது. தகவல் கையில் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த வீடியோவில் ஓட்டுநர்களோடு உட்காரப் போகிறோம். பயணத்தைத் தொடங்கும் பொத்தானை அழுத்துவது அவர்கள்தான், அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. உங்கள் வளாகத்தில் எந்த நிறுத்தத்துக்கு என்ன செல்லப்பெயர் என்று கீழே எழுதுங்கள். செயலி செய்பவர்களிடம் அந்தப் பட்டியலை அப்படியே கொடுக்கப் போகிறேன்.